இஞ்ஞாசியின் மடக்குக் கத்தி

கத்தியென்றால் வெட்டுவதற்கு மட்டும்தான் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையைக் கொஞ்சம் நிதானமாகக் கேளுங்கள். விடை கதைக்குள்ளேயே கிடக்கிறது. கடைசியில் "இதை நீர் சொல்லவே இல்லையே" என்று என்னிடம் சண்டைக்கு வரக் கூடாது.

தூத்துக்குடியில் அமலி என்று ஒருத்தி இருந்தாள். கல்யாணமாகிப் பதினோராம் மாதம் அவள் புருஷன் இஞ்ஞாசி தோணியில் கொழும்புக்குப் போனான். வழியில் புயலடித்துத் தோணி உடைந்தது. ஆறு பேர் கரை சேர்ந்தார்கள். இஞ்ஞாசியை மட்டும் காணோம், பிணமும் ஒதுங்கவில்லை. அன்றிலிருந்து ஒன்பது வருஷமாக அமலி பொண்டாட்டியும் இல்லை, விதவையும் இல்லை. கல்லறைத் திருநாளன்று ஊரே மெழுகுவர்த்தி ஏற்றும். அவளும் ஒன்று வாங்கிப் போவாள். எந்தக் குழியில் ஏற்றுவது? போனபடியே திரும்பக் கொண்டுவந்து பெட்டியில் போடுவாள். "எம் மவன் வருவான், நீ யாருக்குத் திரி கொளுத்தப் போற?" என்று மாமியார் வேறு பின்னாலேயே வருவாள்.

ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்த லாசர் அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். மனைவியை இழந்தவன், நல்ல மனுஷன். அவளுக்கும் அவன்மேல் ஆசை இருந்தது, அதை மறைப்பானேன். அவன் கேட்டது ஒன்றே ஒன்று: "அவர் செத்துட்டார்னு நிச்சயமாத் தெரியணும் அமலி. நாளைக்கு வாசல்ல வந்து நின்னா நான் எங்க போவேன்?" பங்குச் சாமியாரும் அத்தாட்சி இல்லாமல் கோயிலில் கல்யாணம் கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். இப்படி ஒருத்தியை நாலு பக்கமும் அடைத்துவைத்துவிட்டு ஊர் பாட்டுக்கு மீன் விற்றுக்கொண்டிருந்தது.

அப்போதுதான் கொழும்பிலிருந்து சந்தியாகு என்று ஒருவன் வந்து சாமியார் மேஜையில் ஒரு கத்தியை வைத்தான். "ஒம்பது வருஷத்துக்கு முந்தி இந்த ஊர்த் தோணி உடைஞ்சப்ப எங்க கரையில ஒரு பிணம் ஒதுங்குச்சு சாமி. நாங்கதான் அடக்கம் பண்ணுனோம். இது இடுப்புல இருந்தது. அன்னைக்குத் தகர டப்பாவுல போட்டதுதான், இப்பதான் வெளிய எடுக்கேன்" என்றான்.

அந்தக் கத்தியின் கதையையும் கேளுங்கள். பழைய மடக்குக் கத்திகளை வாங்கிப் பழுது பார்த்து விற்கும் கஸ்பாரிடம் அமலியின் அப்பா மாப்பிள்ளைக்காக வாங்கியது அது. எருமைக்கொம்புப் பிடி, இரும்பு ரிவிட். இஞ்ஞாசிக்கு இடக்கைப் பழக்கம். தாலியையே இடக்கையால் எடுக்கப்போய்ச் சாமியாரிடம் அதட்டு வாங்கியவன். கல்யாணமான மறுமாதமே அமலி அந்தக் கத்தியை அடுப்படியில் வைத்துக் கொம்பின் நுனியைப் பொசுக்கிவிட்டாள். மாப்பிள்ளை ஐயா இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்தார்.

சாமியார் கஸ்பாருக்கு ஆள் அனுப்பினார். ஒரு கத்தியில் எது அசல், எது பிற்பாடு போட்டது என்று கேட்கச் சென்னையிலிருந்துகூட அவரிடம் ஆட்கள் வருவார்கள். அலகின் அடியில் அவர் விற்கும்போது கீறும் இரண்டு கோடு இருந்தது. அதே கத்திதான். பிறகு பிடியை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார். கொம்புக்கும் அதனடியில் உள்ள பித்தளைத் தகட்டுக்கும் நடுவே மயிரிழை வெளிச்சம் தெரிந்தது. கத்தி செய்த கம்பெனியில் போட்ட பிடி அப்படி இடைவெளி விட்டு நிற்காது. ரிவிட் பித்தளையாக இருந்தது. தகட்டில் உப்புத் தண்ணீர் பட்ட பச்சைக் களிம்பு, அதன்மேல் உட்கார்ந்த கொம்பிலோ ஒரு பொட்டுக் கறை இல்லை. கடலில் நனைந்த பிறகு யாரோ பழைய பிடியைக் கழற்றிவிட்டு அதே மாதிரி வேறொன்று போட்டிருக்கிறார்கள். அந்தப் பிடியும் பழகிப்போன பிடி. அதன் வலப்பக்கத்தில் பெருவிரல் அழுந்தி அழுந்தி, வருஷக்கணக்கில் தேய்ந்து ஒரு குழி விழுந்திருந்தது.

கஸ்பார் நிமிர்ந்தார். எதிரே அமலி சேலைத் தலைப்பைக் கசக்கியபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள். கத்தியை மடக்கி மேஜையில் வைத்தார்.

"என்ன கஸ்பார், இது இஞ்ஞாசி கத்திதானா?"

"நான் வித்த கத்திதான் சாமி. சந்தேகமே இல்ல."

பிடியைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. சாமியார் சாவுப் பதிவுப் புத்தகத்தை விரித்தார். சந்தியாகு வலது கையில் இருந்த டீ கிளாஸை வைத்துவிட்டு, அதே கையால் பேனாவை வாங்கிச் சாட்சிக் கையெழுத்துப் போட்டான். வெளியே வேப்பமரத்தடியில் லாசர் காத்துக்கொண்டிருந்தான்.

சாமியார் கத்தியை அமலியிடம் கொடுத்தார். அவள் பிடியின் வழவழப்பான நுனியை விரலால் தடவினாள். வலது கையில் பிடித்துப் பார்த்தாள், பிறகு இடது கைக்கு மாற்றினாள். சந்தியாகுவின் கையை ஒரு தரம் பார்த்தாள். ஒரு வார்த்தை பேசாமல் இருந்தால் போதும், ஒன்பது வருஷத்துப் பூட்டு அன்றே திறந்துவிடும்.

"சாமி, அந்தப் பொஸ்தகத்த மூடிருங்க. நான் இன்னும் விதவை ஆகல" என்றாள்.

நண்பர்களே, அவளுக்கு எப்படித் தெரிந்தது? பொய்ச் சாட்சி சொன்ன சந்தியாகு, பாதியை விழுங்கிய கஸ்பார், வாயைத் திறந்த அமலி. இதில் யார் செய்தது சரி?

விடை: அமலி செய்ததே சரி. அவள் பொசுக்கிய நுனி அந்தப் பிடியில் இல்லை. கத்தி டப்பாவிலேயே கிடந்திருந்தால் பிடி மாறியிருக்காது, குழியும் விழுந்திருக்காது. வலப்பக்கக் குழி இடக்கைக்காரனின் பெருவிரலுக்குத்தான் பொருந்தும், சந்தியாகுவோ வலக்கைக்காரன். ஆக, இஞ்ஞாசி கரையேறி, பிடி மாற்றி, அந்தக் கத்தியோடு எங்கேயோ பிழைத்துக்கொண்டிருக்கிறான். கத்தியைக் கொடுத்தனுப்பி, தான் செத்ததாகச் சொல்லி அவளை அவிழ்த்துவிடச் சொன்னவனும் அவனே. சந்தியாகு நண்பனுக்குக் கொடுத்த வாக்கைக் காப்பாற்றினான், கஸ்பார் இரக்கப்பட்டார். இருவரும் அவளுக்கு நல்லதுதான் நினைத்தார்கள், லாசரை நினைக்கவில்லை. அவன் கேட்ட ஒன்றே ஒன்றில் அவனை ஏமாற்ற அவளுக்கு மனம் வரவில்லை. கத்தியைச் சந்தியாகுவிடமே நீட்டி, "குடுத்தனுப்புனவர்ட்டயே குடுத்துருங்கண்ணே. பிடி நல்லா அமைஞ்சிருக்குன்னு சொல்லுங்க" என்றாள். அவன் அதை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டான். கோயிலில் அவளுக்குக் கல்யாணமும் நடக்கவில்லை. ஆனால் அந்த வருஷம் கல்லறைத் திருநாளுக்கு அவள் மெழுகுவர்த்தி வாங்கவில்லை. பெட்டியில் கிடந்த ஒன்பதையும் கரண்ட் போகும்போதெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்து ஏற்றித் தீர்த்தாள்.