தூக்கணாங்குருவி முடிக்காமல் விட்ட கூடு

பறவைகள் பேசித் திரிந்த அந்தக் காலத்தில் எதையும் சும்மா புகழ்ந்துவிட முடியாது. ஒரு கூடு நன்றாக இருந்தால், ‘இன்னாருடைய கூட்டைப் போல இருக்கிறது’ என்று அதற்கு நிகரான ஒன்றைக் காட்டித்தான் சொல்ல வேண்டும். அந்தப் பொறுப்பு மரங்கொத்தியிடம் இருந்தது. இரண்டையும் பார்த்துவிட்டு, ஒத்துப்போனால் பனையில் தட்டி எல்லோருக்கும் அறிவிக்கும். தட்டு விழாத கூட்டில் எந்தப் பேடையும் முட்டையிடாது.

இதில் பெரும்பாலும் யாருக்கும் சிரமம் இருந்ததில்லை. புறா நாலு குச்சியைக் குறுக்கே போட்டுவிட்டு அதைக் கூடு என்று சொல்லும். பக்கத்து மரத்திலேயே இன்னொரு புறா அதே லட்சணத்தில் ஒன்றைக் கட்டியிருக்கும். உடனே தட்டு விழுந்துவிடும்.

மாட்டிக்கொண்டது தூக்கணாங்குருவிதான். அப்போது அந்த இனத்தில் ஓர் ஆணும் ஒரு பேடையும் மட்டுமே இருந்தன. ஆண் குருவி நெல் தாளை நாராகக் கிழித்து, கிணற்றுப் பக்கம் சாய்ந்திருந்த பனையின் ஓலை நுனியில் ஒரு கூடு பின்னியது. உள்ளே முட்டைக்கு அறை, காற்றில் ஆடினாலும் முட்டை உருண்டு விழாதபடி ஒரு தடுப்பு, கீழே நீளமாக ஒரு வாசல். பேடை உள்ளே போய்ப் பார்த்தது. அதற்கு மிகவும் பிடித்திருந்தது. மேற்கே மேகம் கறுத்துக்கொண்டிருந்ததால் மழைக்கு முன் முட்டையிட்டாக வேண்டும். தட்டு ஒன்றுதான் பாக்கி.

மரங்கொத்தி வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தது. காக்கைக் கூட்டோடும் மைனாவின் கூட்டோடும் ஒப்பிட்டுப் பார்த்தது. எதுவும் கிட்டே வரவில்லை.

“நல்லாத்தான் இருக்கு. ஆனா எதைப் போலன்னு சொல்லித் தட்டுறது?”

“அண்ணாச்சி, மழை வரப்போகுது” என்றது குருவி.

மரங்கொத்தி கெட்ட பறவை இல்லை. முன்பின் செய்யாததைச் செய்ய அதற்குப் பயம், அவ்வளவுதான். இதே மாதிரி இன்னொன்றை நீயே கட்டிவிடு, பக்கத்தில் வைத்துப் பார்த்துத் தட்டிவிடுகிறேன் என்று ஒரு வழி சொன்னது. குருவியும் தலையாட்டிவிட்டது. மற்றப் பறவைகள் முட்டைக்காகக் கூடு கட்டின, இது ஒரு கூட்டுக்குச் சாட்சி சொல்ல இன்னொரு கூடு கட்டப் போனது.

இரண்டாவது கூடு ஒரு தொப்பி அளவுக்கு வந்தபோது காற்று கிளம்பியது. கையிருப்பு நார் தீர்ந்துவிட்டது. வயலுக்குப் போய்வர நேரமில்லை என்று, குருவி முதல் கூட்டின் வாசலிலிருந்து ஓர் இழையை உருவப் போனது. பேடைக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அதைத் தொடாத. இது மாதிரி இன்னொண்ணு வேணும்னு நானா கேட்டேன்? எனக்கு இது போதும்.”

சொல்லிவிட்டு, தட்டு விழாத அந்தக் கூட்டுக்குள் நுழைந்து முட்டையிட்டது. அதுவரை எந்தப் பறவையும் அப்படிச் செய்ததில்லை.

மழை கொட்டித் தீர்த்தது. முறைப்படி தட்டு வாங்கிய கூடுகள் பல பிய்ந்து விழுந்தன. அவற்றின் முட்டைகள் சேற்றில் உடைந்து கிடந்ததைப் பார்க்கப் பாவமாக இருந்தது. குருவியின் கூடு விடாமல் ஆடியது, ஆனால் விழவில்லை.

வெயில் வந்ததும் மரங்கொத்தி வந்தது. முழுக் கூட்டுக்குள் பேடை அடைகாத்துக்கொண்டிருந்தது. பாதிக் கூடு பக்கத்தில் தொங்கியது.

“இதையும் முடிச்சுத் தந்துரட்டுமா அண்ணாச்சி?” என்று கேட்டது ஆண் குருவி.

“வேண்டாம். முடிச்சா அந்த முழுக் கூட்டுக்குச் சோடி வந்துரும்” என்றது மரங்கொத்தி. பிறகு பனையில் ஓங்கித் தட்டி, “இதைப் போல ஒண்ணு இல்லை” என்று அறிவித்தது.

நிகர் இல்லை என்று சொல்லிப் புகழ்வதை அன்றுதான் எல்லோரும் முதலில் கேட்டார்கள். வயலில் நின்ற மனிதர்களும் கேட்டார்கள். அந்த மழைக்குப் பிறகுதான் நாமும் எல்லாவற்றையும் மிஞ்சி நிற்பதை நிகரில்லாதது, ஈடு இணையற்றது என்று சொல்கிறோம். ஆங்கிலக்காரர்கள் சோடியில்லாதது, நிகரில்லாதது என்ற பொருளில் மேட்ச்லெஸ், பியர்லெஸ் என்று சொல்வதும் இதே வழியில்தான். தூக்கணாங்குருவியும் அன்றிலிருந்து, குடியிருக்கும் கூட்டுக்குப் பக்கத்தில் ஒன்றைப் பாதியிலேயே விட்டுவிடுகிறது.