தெந்த்ரேமோஸ் சொல்ல ஆளில்லை

திருப்பூரில் புத்திசாலிகளுக்குப் பஞ்சமே இல்லை. அவர்களில் ஒருவர்கூட நம் பனியன் கம்பெனியில் வேலைக்குச் சேரவில்லை, அவ்வளவுதான்.

அங்கே மேனேஜர் சென்னியப்பன். தன் தலையில் இருப்பது களிமண் என்று இன்று அவரே எல்லோரிடமும் சொல்லிச் சிரிக்கிறார். அன்று அது தெரியாமல், சரக்கு வாங்க வரும் ஸ்பெயின் பையரைத் தானே மடக்கிக் காட்டுவதாக முதலாளியிடம் சவடால் விட்டிருந்தார். அந்த ஆர்டர் வராவிட்டால் தை மாதம் வரை தையல் மெஷின்களுக்கு உறை போட வேண்டியதுதான்.

பையர் ரமோன் தன் பாஷையைத் தவிர வேறெதிலும் பேசாத மனிதர். டிசம்பரில் எங்களிடம் சரக்கு இருக்கும் என்று அவர் பாஷையில் சொன்னால் போதும், கையெழுத்துப் போட்டுவிடுவார் என்றார் ஏஜென்ட். கம்பெனி ஆட்கள் ஆறு பேருக்கு அதைச் சொல்லிக்கொடுக்கக் கோயம்புத்தூரிலிருந்து ரெஜினா டீச்சர் வந்தார்.

டீச்சர் 'தெனேர்' என்று பலகையில் எழுதினார். வைத்திருப்பது என்று அர்த்தம். இனி நடக்கப்போவதைச் சொல்லும்போது மட்டும் அது ஒழுங்குக்கு வராது, நடுவில் கூடுதலாக ஓர் எழுத்து ஏறிக்கொள்ளும் என்றார்.

செக்கிங் பகுதியைப் பார்த்துக்கொள்ளும் துளசாத்தாள் எழுந்தார். “டேமேஜ் பீஸுங்களா டீச்சர்? அதை எதுக்கு எக்ஸ்போர்ட்டுக்கு அனுப்பறீங்க?”

ஆல்டர் செய்து அந்த எழுத்தைப் பிரித்துவிடலாமா என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. ஸ்பெயினிலேயே அப்படித்தான் தைக்கிறார்கள் என்று டீச்சர் சத்தியம் செய்த பிறகே பாஸ் ஆனது.

நான், நீ, அவர், நாங்கள், நீங்கள், அவர்கள் என்று ஆளுக்குத் தகுந்த மாதிரி ஆறு வடிவம். “ஆறு பேரும் சேர்ந்து ஆறையும் படிச்சிருங்க. சொல்லும்போது அந்த ஆளைக் கை காட்டிச் சொல்லுங்க, மறக்காது” என்று சொல்லிவிட்டு டீச்சர் பஸ் ஏறினார்.

பனியன் கம்பெனியில் கழுத்து தைப்பவர் கை தைக்க மாட்டார். ஆகவே சென்னியப்பன் ஆறு நாற்காலியை வரிசையாகப் போட்டு ஆளுக்கு ஒரு வடிவமாகப் பிரித்துக் கொடுத்தார். 'நான்' அவருக்கு, மேனேஜர் அல்லவா. 'அவர்' துளசாத்தாளுக்கு. 'நாங்கள்' கட்டிங் மாஸ்டர் ராக்கியண்ணனுக்கு, அவருக்குத்தான் சொந்தபந்தம் அதிகம்.

அந்தச் சொந்தபந்தம்தான் காலை வாரியது. ரமோன் வந்த புதன்கிழமை, காங்கேயத்தில் ராக்கியண்ணனின் தங்கை மகனுக்குக் காதுகுத்து. போன் போட்டால், தாய்மாமன் மடியில் குழந்தை உட்கார்ந்திருக்கிறது, இப்போது எழுந்திருக்க முடியாது, வேண்டுமானால் போனிலேயே சொல்லிவிடுகிறேன் என்றார்.

சென்னியப்பனுக்கு உயிர் வந்தது. துளசாத்தாள் விடவில்லை.

“அது ஜாப் ஒர்க்குங்க. வெளிய செஞ்ச பீஸை எடுக்க மாட்டேன்னு பையர் கண்டிசன் போட்ருக்கறாரு.”

“அப்ப நானே சொல்லட்டுங்களா? கேட்டுக் கேட்டு எனக்குப் பாடமாயிருச்சு” என்றார் சென்னியப்பன்.

“அந்த வடிவத்துக்கு நீங்க டீச்சர்கிட்ட சாம்பிள் அப்ரூவல் வாங்கலீங்களே.”

நியாயம்தான் என்று சென்னியப்பனுக்குப் பட்டது. அப்படிப் பட்டதை நினைத்து இன்றும் அவர் தலையில் அடித்துக்கொள்வதுண்டு. காது குத்தியதும் ராக்கியண்ணனைக் கிளம்பி வரச் சொல்லிவிட்டு, மற்ற ஐவரும் வரிசையில் அமர்ந்தார்கள்.

டிசம்பரில் சரக்கு இருக்குமா என்று ரமோன் கேட்டார். 'டிசியெம்ப்ரே' என்ற சொல் காதில் விழுந்ததுமே லைன் ஓடத் தொடங்கியது.

சென்னியப்பன் தன் நெஞ்சைத் தொட்டு “தெந்த்ரே” என்றார். என்னிடம் இருக்கும். ஒரு லட்சம் பனியனும் இந்த ஒருவரிடமா என்று ரமோன் மேலும் கீழும் பார்த்தார். அடுத்தவர் ரமோனையே கை காட்டி “தெந்த்ராஸ்” என்றார். உன்னிடம் இருக்கும். ரமோன் தன் பையைத் திறந்து பார்த்துக்கொண்டார். துளசாத்தாளுக்குத் தள்ளி நிற்கும் ஓர் ஆள் தேவைப்பட்டது. ஜன்னலுக்கு வெளியே, எதிர் கம்பெனி முதலாளி தன் கேட்டருகே டீ குடித்துக்கொண்டிருந்தார். அவரைக் காட்டி “தெந்த்ரா” என்றார். அவரிடம் இருக்கும்.

நாலாவது நாற்காலி காலி. அதற்குரிய நேரத்தை மரியாதையாக விட்டு எல்லோரும் மௌனம் காத்தார்கள். ஐந்தாமவர் மறுபடியும் ரமோனைக் காட்டினார். ஆறாமவர் எதிர் கம்பெனி ஆட்களைக் காட்டி “தெந்த்ரான்” என்றார். அவர்களிடம் இருக்கும்.

ரமோனுக்கு இப்போது விஷயம் விளங்கிவிட்டது. எல்லோருக்கும் கைகொடுத்து நன்றி சொல்லி, ரோட்டைத் தாண்டி எதிர் கம்பெனிக்குள் போனார்.

அந்த நேரம் பார்த்து ராக்கியண்ணன் பைக்கில் வந்து இறங்கினார். பையர் போன திசையைப் பார்த்ததும் பின்னாலேயே ஓடினார். எதிர் முதலாளிக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, தன்னையும் அவரையும் சேர்த்துக் கை காட்டி, “தெந்த்ரேமோஸ்” என்றார். எங்களிடம் இருக்கும். ஓர் எழுத்து பிசகவில்லை. ரமோன் அங்கேயே, அந்தக் கம்பெனிக்கே கையெழுத்துப் போட்டார்.

சாயங்காலம் சென்னியப்பன் அழாத குறையாக முதலாளியிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தார். வேலை போய்விடும் என்றே நினைத்தார். முதலாளியின் கணக்கு வேறாக இருந்தது.

“இங்க அஞ்சு பேர் சொல்லி ஆகாதது, அங்க ஒருத்தர் சொல்லி ஆயிருச்சே. ராசியான எடமாட்ட இருக்குதுங்க சென்னியப்பண்ணா. இனி எந்த பையர் வந்தாலும் எல்லாரும் அங்கயே உட்கார்ந்து பேசிருங்க.”

மறுநாள் காலை ஆறு நாற்காலிகளும் ரோட்டைத் தாண்டிப் போயின.