தன் பேரைத் தானே தேடிய முதலாளி

கோயம்புத்தூர் கிரைண்டர் கம்பெனி முதலாளி குழந்தைவேலு செல்போனை ஆட்டிக்கொண்டே, ஆபீஸ் போனைக் கவனிக்கும் பூங்கொடியிடம் வந்தார்.

"நெட்ல தேடினா நாமதான் முதல்ல வர்றோம். அப்படியும் புது ஆளுக கூப்பிடலீன்னா, போன் எடுக்கிற உன் மேலதான் தப்பு. ஒரு மாசத்துல போன் அடிக்கோணும், இல்லீன்னா வேலையை விட்டு நின்னுக்க அம்மிணி!"

பூங்கொடி பதறவில்லை. "என்னன்னு போட்டுத் தேடுனீங்க?"

"நம்ம கம்பெனி பேரைத்தான்!"

"உங்க வீட்டு வாசல்ல நின்னு உங்க பேரைக் கூப்பிட்டா நீங்கதானுங்களே வருவீங்க? நம்மளைத் தெரியாதவங்க நம்ம பேரை எப்படிங்க போடுவாங்க? மாவு சூடாகாம அரைக்குமான்னுதான் எல்லாரும் போன்ல என்கிட்ட கேட்டுட்டு வாங்குவாங்க. புது ஆளுகளும் அதைத்தானுங்க நெட்ல தேடுவாங்க. அந்தக் கேள்வியையும் பதிலையும் நம்ம வெப்சைட்டுல போடுங்க."

முணுமுணுத்துக்கொண்டே போட்டார். மாசம் முடிவதற்குள் போன் ஓயாமல் அலறியது.

பூங்கொடி கேட்டாள்: "இப்ப தப்பு யார் மேலங்க?"

"போன் மேல! ஒண்ணே ஒண்ணு வெச்சா எப்படிப் பத்தும்?" என்றபடி இன்னொன்று வாங்கிவரக் கிளம்பினார் முதலாளி.