வாளப்பளம்

மலையடிவாரத்து மடம் ஒன்றில் நாச்சியாரம்மா பாடம் சொல்லிக்கொடுத்து வந்தார். மாணவர்களில் மாசிலாமணி மட்டும் அவரைவிடப் பத்து வயது பெரியவர். நாற்பதைத் தாண்டித்தான் அவருக்குப் படிக்க வாய்த்தது.

பௌர்ணமிதோறும் ஒருவர் ஊரார் முன் பாடம் ஒப்பிக்க வேண்டும். பாதியில் விட்டால், முடிக்கும்வரை அவர் முறைதான். மாசிலாமணி மேடையில் ஏறி நின்றபோது ‘மழை பொழிந்தது’ என்பது ‘மளை பொளிந்தது’ என்று வந்தது.

“குடையை எடுங்கப்பா, மளை வருது” என்றார் கூட்டத்தில் ஒருவர். ஊரே சிரித்தது. மாசிலாமணி இறங்கி ஓடிவிட்டார்.

அடுத்த பௌர்ணமிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது என்றார். அதற்கடுத்த பௌர்ணமிக்கு மாட்டுக்கொட்டகையில் வைக்கோலுக்குள் ஒளிந்தார். கூட்டம் கலைந்த பிறகு, அவர் தலைமேல் இருந்த வைக்கோலைத் தின்று, பசுதான் காட்டிக்கொடுத்தது.

இப்போது மறுநாள் பௌர்ணமி. துணிமூட்டையோடு வந்து நின்றார். தலை நிமிரவில்லை.

“ஊருக்கே போயிடறேம்மா. பிள்ளை வயசுக்காரங்க முன்னாடி இந்த அசிங்கம் வேண்டாம்.”

“ஒளிஞ்சப்போ பயம் குறைஞ்சுதா அண்ணே?”

“அன்னைக்குக் குறைஞ்சது. மறுநாள் ரெண்டு மடங்கா வந்து உக்காந்துக்கிச்சு.”

நாச்சியாரம்மா மூட்டையை வாங்கி வைத்துவிட்டுக் கையில் கூடையைக் கொடுத்தார். சந்தையில் ஒவ்வொரு பழக்கடையிலும் ‘வாளப்பளம் இருக்கா’ என்று தப்பாகவே கேட்க வேண்டும். வெட்கத்தில் ஏறும் காதுச்சூடு ஆறும்வரை கடையை விட்டு நகரக் கூடாது.

மாசிலாமணிக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் போனார்.

சாயங்காலம் கூடையோடு திரும்பினார். முதல் கடையில் காது நெருப்பாய் எரிந்ததாம். கடைக்காரரோ பூவம்பளமா, ரஸ்தாளியா என்று கேட்டாராம். மூன்றாவது கடைக்காரம்மா மட்டும் பக்கத்துக் கடைக்காரியைக் கூப்பிட்டுச் சொல்லிச் சிரித்தாராம்.

“ஏழாவது கடையில, பளம் கனிஞ்சிருக்கான்னு பார்க்க ஆரம்பிச்சுட்டேம்மா.”

நாச்சியாரம்மா ஒரு பழத்தை எடுத்து நீட்டினார். அவர் வாங்கவில்லை.

“சந்தையில என்னை யாருக்கும் தெரியாது. நாளைக்கு வர்றவங்க எல்லாம் தெரிஞ்சவங்க. மறுபடியும் சிரிப்பாங்களே?”

“சிரிப்பாங்கதான். அந்தக் கடைக்காரம்மா எவ்வளவு நேரம் சிரிச்சாங்க?”

மாசிலாமணி யோசித்தார்.

“ஒரு பளம் உரிக்கிற நேரம் இருக்கும்.”

“நாளைக்கு அவ்வளவு நேரம் மட்டும் இறங்காம நில்லுங்க அண்ணே.”