வளர்மதி காட்டிய இடம்

கணபதி ஏரியாவில் எலக்ட்ரானிக் தராசு செய்யும் கம்பெனியில் வளர்மதி பன்னிரண்டு வருஷமாக, போர்டுகளில் ஈயத்தை உருக்கிப் பாகங்களை ஒட்டி சால்டர் வைக்கிறாள். அவள் கைபட்ட ஒரு தராசுகூடத் திரும்பி வந்ததில்லை. இந்த மாதம் மட்டும் அறுபது வந்துவிட்டன. காலித் தட்டிலேயே எடை ஏறி இறங்குகிறதாம்.

டிசைன் இன்ஜினியர் பரசுராமன் எல்லாரையும் கூட்டி வைத்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டார்.

“என் டிசைன்ல தப்புக்கு இடமே இல்ல. எல்லாம் உன் சால்டர்தான். முதலாளி வர்றதுக்குள்ள தப்பு எந்த இடம்னு விரல் வெச்சுக் காட்டு. இல்லன்னா நாளைக்கு வேலைக்கு வராதே.”

வளர்மதி திரும்பி வந்த தராசு ஒன்றைத் திறந்து, தட்டிலிருந்து போர்டுக்கு வரும் இரண்டு கம்பிகளையும் கழற்றி, ஒரே பேட்டரியின் ஒரே முனையில் சேர்த்துக் கட்டினாள்.

“சார், ரெண்டு கம்பிக்கும் உள்ள வித்தியாசத்தைப் பெருக்கிக் காட்டறதுதான் இந்த போர்டோட வேலை. இப்ப ரெண்டுலயும் ஒரே வோல்ட்டுங்க. மீட்டர்ல என்ன வரணுங்க?”

“சைபர். எல்.கே.ஜி. புள்ளைக்கும் தெரியும்.”

மீட்டர் சைபரில் நிற்கவில்லை.

“பார்த்தியா, சால்டர்” என்றார்.

அவள் பழைய போர்டு ஒன்றை எடுத்து அதேபோல் கட்டினாள். மீட்டர் சைபரில் அசையாமல் நின்றது.

“இதுவும் என் சால்டர்தானுங்க. அப்பெல்லாம் ரெண்டு கம்பிப் பக்கத்து ரெசிஸ்டரையும் அளந்து, ஜோடி சேர்த்துப் போடுவேன். ஜோடி பொருந்தலைன்னா, ஒரே வோல்ட்டும் போர்டுக்கு ரெண்டாத் தெரியுமுங்க.”

முதலாளி வாசலில் வந்து நின்றிருந்தார். “அப்ப தப்பு எந்த இடம்மா?”

வளர்மதியின் விரல் போர்டைத் தொடவில்லை. போன மாதம் சுவரில் ஒட்டிய நோட்டீஸுக்குப் போனது. ‘ரெசிஸ்டரை அளந்து நேரத்தை வீணாக்கக் கூடாது.’ எழுத்தெழுத்தாக நகர்ந்து இறங்கிய விரல், கடைசியில் பரசுராமனின் கையெழுத்தில் போய் நின்றது.