பின் டயர்

மெய்யம்மையின் மடம் ரயில்வே மேம்பாலத்துக்கு இந்தப் பக்கம். ஆஸ்பத்திரி அந்தப் பக்கம். மடத்துக்கென்று இருந்தது ஒரே ஒரு சைக்கிள்.

வியாழக்கிழமைதோறும் சீடர் திருமேனி அதன் கேரியரில், மடத்திலேயே தங்கியிருக்கும் மாசிலாமணியை உட்கார வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போவார். மாசிலாமணிக்குச் சர்க்கரை நோய். பாதத்தில் ஆறாத புண். கட்டு மாற்ற வேண்டும்.

திருமேனிக்கு ஐம்பத்தெட்டு வயது. குரு மெய்யம்மைக்கு நாற்பதுகூட ஆகவில்லை. மடத்துக்கு வருவதற்கு முன் சர்க்கரை ஆலையில் முப்பது வருஷம் கரும்பு லாரி எடை போட்டவர் திருமேனி. கரும்புக் கட்டுக்குள் கல் வைத்தவர்களையும், தண்ணீர் ஊற்றி நனைத்துக் கொண்டுவந்தவர்களையும் பார்த்துப் பார்த்து, யார் எதைச் சொன்னாலும் அடியில் என்ன இருக்கிறது என்று தேடும் பழக்கம் வந்திருந்தது. மடத்துக்கு வந்தும் அது போகவில்லை.

புதன்கிழமை காற்றடிக்கப் போனபோது கடைக்காரர் குப்புராஜ் பின் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"இதை மாத்திடுங்கய்யா. முடிஞ்சு போச்சு."

"போட்டு ரெண்டு வருஷம்கூட ஆகலையே?"

"வருஷத்தை வச்சா சொல்ல முடியும்? நீங்க ஆளை ஏத்துறீங்க. பாரம் பூரா பின்னாடி. முன் டயர் இன்னும் ஒரு வருஷம் வரும். இது வராது."

"உங்க கடைக்கு வந்தா மட்டும் எல்லாத்துக்கும் ஆயுசு முடிஞ்சிடுதே, அது எப்படி?"

குப்புராஜ் சிரித்தார். "வேணும்னா வேற கடையில காட்டிப் பாருங்க."

அந்தச் சிரிப்பு திருமேனிக்குப் பிடிக்கவில்லை. ரோட்டில் ஆணி போடுவதே இவனாக இருக்கும் என்று அவருக்கு வெகுநாளாக ஒரு எண்ணம்.

பஸ் ஸ்டாண்டுக் கடையில் ஆறு மாதம் தாராளமாக ஓடும் என்றார்கள். இவர்கள் ஏன் புது டயர் விற்கப் பார்க்கவில்லை, கடையில் சரக்கு இல்லையோ என்று தோன்றியது. மூன்றாவது கடைக்காரன் இரண்டு டயரையும் மாற்றச் சொன்னான். அவன் மூக்கு குப்புராஜின் மூக்கு மாதிரியே இருந்தது. சொந்தக்காரனாக இருக்கலாம்.

மடத்துக்கு வந்ததும், டயரின் பக்கவாட்டில் தாம் பேனாவால் போட்டுவைத்த அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது. யாரும் டயரை மாற்றிவிடவில்லை. அந்த மட்டில் நிம்மதி.

மறுநாள் காலை குரு கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"அம்மா, ஒரு டயர் எவ்வளவு நாளைக்கு வரும்?"

"எந்த டயர்?"

"பொதுவா."

"ரோட்டுல பொதுவா ஒரு டயர் ஓடி நான் பார்த்ததில்லையே அய்யா."

திருமேனி மூன்று கடைக் கதையையும் சொன்னார். "மூணு பேரும் மூணு விதமா சொல்றாங்க. யாரோ பொய் சொல்றாங்க. யாருன்னுதான் தெரியலை."

"இன்னிக்கு வியாழக்கிழமை ஆச்சே?"

"ஆமா. மாசிலாமணி சட்டை போட்டுட்டு இருக்கான்."

"இந்த டயரோடதான் போறீங்களா?"

"ஒருத்தன் பேச்சும் நம்புற மாதிரி இல்லை. அப்புறம் எதுக்கு மாத்தறது? கிழிஞ்ச இடத்துல உள்ளே பழைய டயர்த் துண்டு வச்சிருக்கேன். நானே வச்சது. ட்யூப் வெளியே வராது."

குரு கையைக் கழுவினார். புடவையைச் செருகிக்கொண்டு சைக்கிளை வெளியே எடுத்தார்.

"பின்னாடி உட்காருங்க. பாலம் வரைக்கும் போயிட்டு வரலாம். நான் மிதிக்கிறேன்."

"நீங்க மிதிச்சு நான் உட்கார்றதா? ஊர்ல என்ன பேசுவாங்க?"

"ஊர் மேலயும் சந்தேகமா? ஏறுங்க."

அந்தக் கேரியரில் திருமேனி ஒருநாளும் உட்கார்ந்ததில்லை. தெருமுனை தாண்டியதும் அடியில் ஏதோ தூக்கிப் போட்டது. கல் என்று நினைத்தார். மறுபடியும் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை. குனிந்து பார்த்தார். ரப்பர் வழுவழுவென்று தேய்ந்து வெள்ளை நூல் தெரிந்தது. துண்டு வைத்த இடம் கட்டி மாதிரி புடைத்து நின்றது.

பாலத்து ஏற்றத்தில் இருவரும் இறங்கி நடந்தார்கள். உச்சியில் குரு சீட்டில் ஏறி, ஒரு காலைத் தரையில் ஊன்றினார். எதிரே நீளமான இறக்கம். பக்கத்தில் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின.

"ஏறுங்க அய்யா."

திருமேனி ஏறவில்லை.

"நூல் தெரியுது அம்மா."

"குப்புராஜ் சொன்னது அதுதானே?"

"அவன் டயர் விக்கிறவன். அவன் சொன்னா…"

"சரி, அவர் பேச்சு வேண்டாம். உள்ளே இருக்கிறது நீங்க வச்ச துண்டு. ஏறுங்க."

திருமேனி இறக்கத்தைப் பார்த்தார். டயரைப் பார்த்தார்.

"நான் நடந்தே வர்றேன்."

குரு சைக்கிளைத் திருப்பி மடத்தின் பக்கமாகத் தள்ளத் தொடங்கினார். திருமேனி பின்னால் நடந்தார். பாதி தூரத்தில் அவருக்கு வேறொன்று உறுத்தியது.

"அம்மா, வாராவாரம் உட்கார்ந்து வர்றவன் மாசிலாமணி. இது தூக்கிப் போடறது அவனுக்குத் தெரியாம இருக்காது. என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே. மனசுல என்ன வச்சிருக்கானோ?"

"இன்னிக்குக் காலையில அவர் என்கிட்ட சொன்னார், ரொம்பத் தூக்கிப் போடுதுன்னு. பயமா இருந்தா ஏன் ஏறுறீங்கன்னு கேட்டேன்."

"என்ன சொன்னான்?"

"'அண்ணன் எதையும் லேசுல நம்பமாட்டார் அம்மா. அவரே நம்பி என்னை ஏத்துறார்னா, டயர் நல்லாத்தான் இருக்கும்'னார்."