ஏலக்காரியோட சிவப்பு மாத்திரை

ம் கொட்டுவியா? சரி, கேளு. ஒரு ஊர்ல ஒரு மீன் ஏலக்காரி இருந்தா. பேரு ஜெசிந்தா. கடற்கரைல நின்னு அவ விலை கூவினா கடைசிப் படகு வரைக்கும் கேக்கும். அப்போ அவளுக்கு ஒரு இருமல் வந்துச்சு. லொக்கு லொக்குன்னு விடவே இல்ல. ஆஸ்பத்திரில காசநோய்னு சொல்லி, ஆறு மாசம் சாப்பிடணும்னு மாத்திரை குடுத்தாங்க.

"ம்."

ஒண்ணு முழுங்கினா. அப்புறம் ஒண்ணுக்குப் போனா, செக்கச்செவேல்னு போச்சு.

"ரத்தமா?"

அப்படித்தான் அவளும் நெனச்சா. மாத்திரை உள்ள எதையோ அறுத்துடுச்சுன்னு பயந்து, யார்கிட்டயும் சொல்லாம, மிச்சத்தைக் கடல்ல வீசிட்டா. பொளக்!

இருமல் கூடிப்போச்சு. டாக்டர் மறுபடியும் மாத்திரையைக் குடுத்துச் சத்தம் போட்டாரு: "மாத்திரையை விட்டா செத்துப்போயிருவ." சாப்பிட்டாலும் சாவு, சாப்பிடாட்டியும் சாவு, அப்புறம் எதுக்கு முழுங்கணும்னு நெனச்சு அவ வீட்டுக்கு வந்துட்டா.

அப்புறம் புருஷன் மிக்கேல் சொன்னான்: "புள்ளைகளுக்கு ஒட்டிக்கிட்டா என்ன செய்வ?" அவ வலைக் கொட்டகைக்குப் போயித் தனியா படுத்துக்கிட்டா. மாத்திரையை மட்டும் தொடலை.

"ம்..."

மூணாவதா தங்கபுஷ்பம்னு ஒரு நர்ஸ் வந்தா. கொட்டகை வாசல்ல உக்காந்தா.

"ஏன்க்கா போடல?"

அதுவரைக்கும் அதை யாரும் அவகிட்ட கேக்கலை. ஜெசிந்தா தரையைப் பாத்துக்கிட்டே சொன்னா: "சிவப்பாப் போச்சு."

"அது ரத்தம் இல்லக்கா, மாத்திரையோட சாயம். சிவப்பாப் போனா மருந்து உடம்புல சேந்துருச்சுன்னு அர்த்தம். குடுக்கும்போதே நாங்க சொல்லியிருக்கணும்."

அதே மாத்திரைதான், அதே சிவப்புதான். ஆனா அப்புறம் தெனமும் முழுங்கிட்டு, சிவப்பு வருதான்னு பாப்பா. வந்துட்டா நிம்மதியா ஏலத்துக்குக் கெளம்புவா. நுரையீரல்ல ஒரு ஓரம் மட்டும் கெட்டது கெட்டதுதான். கூவினா பாதி தூரந்தான் கேட்டுச்சு. வாங்குறவங்க கிட்ட வந்து நின்னுக்கிட்டாங்க.

சளியில கிருமி இல்லைன்னு ஆஸ்பத்திரில சொன்ன அன்னைக்கு மிக்கேல் கொட்டகைக்கு வந்தான். "வீட்டுக்கு வா"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். வீட்டுல புள்ளைங்க ரெண்டு பக்கமும் நெருக்கிக்கிட்டுப் படுத்தாங்க. ஒருத்தி கால் அவ வயித்து மேல. அவ அதை எடுத்து விடலை.

"..."

ம் சத்தத்தையே காணோம். அவளும் தூங்கிட்டா, கதையும் படுத்துருச்சு. நீயும் தூங்கு.